திராட்சை ராணிக்கு டைரக்டர் பதவி

மதுரையில் யாருக்கு என்ன மரியாதை என்று தீர்மானிப்பதற்கென்றே எழுபதுகளில் ஓர் ஆபீஸ் இருந்தது. அயலக விருந்தினர் மரியாதைப் பிரிவு என்று அதற்குப் பெயர். விருந்தினருக்குச் சாப்பாடு போடுவது, ஊரைச் சுற்றிக் காட்டுவது போன்ற சில்லறை வேலைகளை அது செய்யாது. வந்தவர் என்ன அந்தஸ்தில் இருக்கிறார், அவர் கழுத்துக்கு ரோஜா மாலையா, சம்பங்கி மாலையா, வெறும் துண்டா, அல்லது கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று ஆராய்ந்து முடிவு சொல்வதுதான் அதன் பணி. ஆராய்ச்சி முடிவதற்குள் சில விருந்தினர்கள் ஊருக்கே திரும்பிப் போயிருப்பார்கள். அதற்காக ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று யாரும் அந்த ஆபீஸைக் குறை சொல்ல முடியாது.

ஆபீஸின் தலைவர் சிறப்பு அலுவலர் கருத்தக்கண்ணன். அவருடைய நாற்காலி முதுகில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். துண்டு சலவைக்குப் போன நாளில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அதிகாரம் இல்லாத நேரத்தில் போட்ட கையெழுத்து பின்னால் செல்லாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. அவருக்குக் கீழே சூப்பிரண்டு சின்னச்சாமி. அவருக்கும் கீழே, மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் அணிந்து வாசலில் நிற்கும் டவாலி மொக்கையன். எல்லாருக்கும் கீழே ஜெயக்கொடி.

ஜெயக்கொடி வாடிப்பட்டிக்காரி. கல்யாணமாகிக் காளவாசலில் குடியிருந்தாள். ஆபீஸில் டெம்பரவரி டைப்பிஸ்ட். கல்யாணத்தின்போதும் டெம்பரவரி, பிள்ளை பெற்றபோதும் டெம்பரவரி. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய், அம்மாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டபோது 'டெம்பரவரி' என்றே சொல்லிவிட்டு வந்தது. அவள் தட்டும் மெஷின்கூட பெர்மனன்ட்; அதன் முதுகில் அரசாங்க எண் இருந்தது. இந்த லட்சணத்தில், பரீட்சை எழுதிப் பாஸான நிரந்தர டைப்பிஸ்ட் ஒருவர் சித்திரை முடிந்ததும் வந்து சேரப்போகிறார் என்று சூப்பிரண்டு ஒருநாள் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். அப்படியென்றால் ஜெயக்கொடி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவள் அழுதாள். அழுது முடித்து, தன்னையே நிரந்தரமாக்கும்படி ஒரு மனு தட்டினாள். கருத்தக்கண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார். சர்க்கார் ஆபீஸில் 'முடியாது' என்பதை அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரான்ஸ் தேசத்தில் திராட்சை விளையும் ஒரு சின்ன ஊரில் அறுவடைத் திருவிழாவின்போது அழகிப் போட்டி நடக்குமாம். அதில் பட்டம் வாங்கிய நான்கு பெண்கள் பரிசாக இந்தியா சுற்ற வருகிறார்கள். மதுரையில் ஒருநாள் தங்குவார்கள். அவர்களுடைய பட்டங்கள் பிரெஞ்சில் உள்ளன; ஆங்கிலமாக்கி, தக்க மரியாதையையும் நிர்ணயித்துத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது. டெல்லியில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. கடிதம் அவர்கள் மேஜைப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

"நம்ம ஆபீஸ்ல யாருக்காச்சும் பிரெஞ்சு தெரியுமாய்யா?" என்று கேட்டார் கருத்தக்கண்ணன்.

"ஜெயக்கொடி காலேஜ்ல படிச்சிருக்கு சார்," என்றார் சின்னச்சாமி.

உண்மைதான். தமிழ் எடுத்தால் எவ்வளவு எழுதினாலும் மார்க்கு விழாது, பிரெஞ்சு எடுத்தால் அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்தவள். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இதுநாள்வரை தெரியாமல் இருந்தது.

"இந்த வேலையை நல்லபடியா முடிச்சுக் குடும்மா. ஒன் மனுவையும் பார்க்கலாம்," என்றார் கருத்தக்கண்ணன். இந்த முறை 'பார்க்கலாம்' கொஞ்சம் நீளமாக வந்தது. ஜெயக்கொடி அந்த நீளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

காளவாசல் பஸ்ஸிலேயே வேலை முடிந்துவிட்டது. 'ரேன் தே வாந்தாஞ்' என்றால் குவீன் ஆஃப் தி கிரேப் ஹார்வெஸ்ட், திராட்சை அறுவடையின் ராணி. 'பிரமியேர் தோஃபீன்' என்றால் ஃபர்ஸ்ட் ரன்னர்-அப். அடுத்தவள் செகண்ட் ரன்னர்-அப். 'மிஸ் சூரீர்' என்றால் மிஸ் ஸ்மைல். மறுநாள் சுத்தமாகத் தட்டிக்கொண்டு போய் வைத்தாள். கருத்தக்கண்ணன் படித்துவிட்டு, அறைக்கதவைச் சாத்தச் சொன்னார். ஆபீஸ் தீப்பிடித்தால்கூட அவர் முகம் அப்படி ஆகாது.

"குவீனா? ராஜா ராணி பட்டமெல்லாம் பார்லிமெண்டுல ஒழிச்சு எம்புட்டு வருசமாச்சு? உள்ளூர் ராணிக்கே இல்லாத பட்டத்தை வெளியூர் ராணிக்கு நம்ம லெட்டர்பேடுல குடுக்கலாமா?"

"கிரேப் ஹார்வெஸ்ட்டும் இடிக்குது சார்," என்றார் சின்னச்சாமி. "அந்த ஊர்ல திராட்சையை எதுக்கு அறுக்குறாங்க?"

"திங்கத்தானய்யா?"

"ஒயினுக்கு சார்."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஒயினுக்கு ராணியாக இருப்பவருக்கு மாலை போட்டால் போட்டவர்மேல் கேஸ் வருமா, வாங்கியவர்மேல் வருமா என்று மதியச் சாப்பாடு வரைக்கும் விவாதித்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து ரன்னர்-அப்பை எடுத்துக்கொண்டார்கள்.

"இவங்க ஜெயிக்கலையா?"

"ரெண்டாவதா வந்தவங்க சார்."

"தோத்தவங்களுக்கு மரியாதை செய்ய விதியில எடமில்லம்மா. அப்புறம் எலெக்சன்ல தோத்தவனெல்லாம் வாசல்ல வந்து நிப்பான்."

ஜெயக்கொடி பயந்துபோய் விளக்கினாள். "பிரெஞ்சுல தோத்தவங்கன்னு அர்த்தம் வராது சார். அந்தக் காலத்துல அங்க ராஜாவுக்கு அடுத்துப் பட்டத்துக்கு வர்ற வாரிசுக்கு உள்ள பேரு அது. ராணியால முடியாமப் போச்சுன்னா இவங்க ராணி."

"வாரிசுன்னா தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்றிதழ் வாங்கணும்," என்றார் சின்னச்சாமி வருத்தத்தோடு. "அதுக்கு ராணி செத்திருக்கணும். செத்திருந்தா டூர்ல வரமாட்டாங்க."

மிஸ் ஸ்மைலுக்கு வந்தபோது கருத்தக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சிரிக்கிறதுக்கு ஒரு பதவியா? என் சர்வீஸ் பூராவும் ஆபீஸ் நேரத்துல நான் சிரிச்சதே இல்லம்மா. சூப்பிரண்டைக் கேட்டுப் பாரு."

சின்னச்சாமி அதற்குத் தலையசைத்துச் சாட்சி சொன்னார். பிறகு கருத்தக்கண்ணன் நாற்காலித் துண்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று ஜெயக்கொடிக்கு விளக்கினார்.

"நீ வார்த்தைக்கு வார்த்தை மாத்துற. அதை அகராதியே செஞ்சிரும், ஆபீஸ் எதுக்கு? அந்த ஊர்ல அந்தப் பேருக்கு என்ன மவுசோ, அதே மவுசு நம்ம ஊர்ல எந்தப் பதவிக்கு இருக்குன்னு பாக்கணும். அழகை நம்மளால அளக்க முடியாது. அளந்தாலும் தப்பாப் பேசுவாங்க. பதவின்னா அளந்துரலாம். இன்னார் வந்தா எந்திரிக்கணும், இன்னார் வந்தா பாதி எந்திரிச்சாப் போதும்னு நமக்கும் ஒரு தெளிவு வந்துரும்ல?"

மூன்று நாள் கூட்டம் போட்டுத் தெளிவை வரவழைத்தார்கள். ராணி ஒழிக்கப்பட்டார். ஒயினும் ஒழிந்தது. மிஞ்சியது திராட்சை. திராட்சை தோட்டக்கலையில் வருகிறது. ஆகவே திராட்சை அறுவடையின் ராணி ஆங்கிலத்தில் 'டைரக்டர் ஆஃப் ஹார்ட்டிகல்ச்சர்' ஆனார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பியூட்டி'. அடுத்தவள் அடிஷனல் டைரக்டர். அதற்கடுத்தவள் ஜாயின்ட் டைரக்டர். சிரிக்கிற பெண் பப்ளிக் ரிலேஷன்ஸ் ஆபீசர்.

"அந்த அடைப்புக்குறி எதுக்கு சார்?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"உண்மையை எங்கனயாச்சும் ஒரு ஓரமா வைக்கணும்மா. நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரன் மருது சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ புள்ள, கிரீடம் வச்ச பொம்பளைக்கு டைரக்டர்னு பேரு வச்சிருக்காகளே, ஒனக்கு என்ன பேரு வைப்பாக?"

"பெர்மனன்ட்னு வச்சாச் சரி," என்றாள் அவள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டெல்லி அந்த மொழிபெயர்ப்பைப் படிக்காமலேயே பாராட்டியது. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் செய்தி போனது. பத்திரிகையில் இடநெருக்கடி, அடைப்புக்குறியை எடுத்துவிட்டார்கள். 'பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்கலை இயக்குநர் மதுரை வருகை' என்று வந்த செய்தியை வாடிப்பட்டிப் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் டீக்கடையில் சத்தமாக வாசித்தார்கள்.

பெண்கள் வரும் நாளில் மெட்ராஸ் ரயில் மதுரையில் வந்து நின்றது. கருத்தக்கண்ணன் கையில் ரோஜா மாலை, சின்னச்சாமி கையில் மற்ற மாலைகள், மொக்கையன் கையில் தட்டு நிறைய எலுமிச்சம்பழம். நான்கு பெண்கள் இறங்கினார்கள். நால்வர் மார்பிலும் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு பட்டுப் பட்டை, அதில் தங்க எழுத்து. கருத்தக்கண்ணன் அந்தப் பட்டைகளைப் பார்த்தார். மொக்கையன் மார்பில் இருந்த பட்டையைப் பார்த்தார்.

"டவாலிகளை முன்னாடி அனுப்பிட்டாங்க போல. டைரக்டர் எங்கய்யா?"

ஜெயக்கொடி வாயைத் திறப்பதற்குள், பெண்களுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஓர் ஆள் பெட்டிகளோடு இறங்கினான். அவர்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவன். அந்தக் கூட்டத்தில் பட்டையில்லாத ஆள் அவன் ஒருவன்தான். ரோஜா மாலை அவன் கழுத்தில் விழுந்தது. அவன் மகிழ்ந்துபோய், கருத்தக்கண்ணனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். இதற்கு விதி உண்டா என்று அவர் சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மொக்கையன் நேராகப் பெண்களிடம் போய், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து, கூட வேலை பார்ப்பவர்களை விசாரிக்கிற மாதிரி "ரயில்ல ஒக்கார எடம் கெடச்சுச்சா?" என்று விசாரித்தான். ராணி மொனிக்குக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. அவள் அவனுடைய பித்தளை வில்லையைத் தொட்டுப் பார்த்துத் தன் பட்டையையும் காட்டினாள். "நம்ம உத்தியோகத்துல இப்பப் பொம்பளப் புள்ளைகளையும் எடுக்குறாக போல. நல்லதுதான்," என்று மொக்கையன் ஜெயக்கொடியிடம் சொன்னான்.

ஜெயக்கொடி சொல்லி விஷயம் விளங்கியதும் கருத்தக்கண்ணனுக்கு வேர்த்தது. டைரக்டரும் டவாலியும் ஒரே மாதிரிப் பட்டையோடு ஒரே மேடைப் பக்கம் நிற்க முடியாது. பட்டையைக் கழற்றச் சொல்லும்படி ஜெயக்கொடியிடம் சொன்னார். மொனிக் முடியாது என்றாள். அதற்காகத்தான் அவள் ஒரு வருஷம் பட்டினி கிடந்திருக்கிறாள். கடைசியில் மொக்கையனுடைய பட்டையைக் கழற்றினார்கள். அன்று முழுக்க அவன் யாரோடும் பேசவில்லை.

காளவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு. அழைப்பு அனுப்பியது ஆபீசர்களுக்கு. வந்து உட்கார்ந்திருந்தது திராட்சைக்காரர்கள். துண்டிலும் பையிலும் வாடிய இலைகளைக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். கையில் மனு. கருத்தக்கண்ணன் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துவிட்டார். 'டைரக்டர் அம்மையார்' என்று ஆரம்பித்து, பதவிதான் மனிதனுக்கு அழகு, அது போனபின் பெற்ற பிள்ளைகூட எழுந்து நிற்காது, தன் வீட்டிலேயே அதற்கான அறிகுறிகள் தெரிவதாக மனம் திறந்து பேசினார். மொனிக் கைதட்டினாள். அவளைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள்.

பேச்சு முடிந்ததும் முதலில் மேடையேறியவள் ஒச்சம்மாள். வாடிப்பட்டிக்கு மேற்கே அரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருந்தவள். இலையைத் திருப்பி மொனிக் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அடியில பாரு தாயி, வெள்ளை பூத்துக் கெடக்கு. சொசைட்டில மயில்துத்தமே வர மாட்டேங்குது. அது இல்லாம போர்டோ மருந்து எப்படிக் கலக்குறது?"

மயில்துத்தம் என்கிற அந்த நீல உப்புக்குப் பிரெஞ்சு தெரியாமல் ஜெயக்கொடி முழித்தாள். தேவைப்படவில்லை.

"போர்தோ?" என்று நிமிர்ந்தாள் மொனிக்.

"ஆமாத்தா, போர்டோ!"

"போர்தோ!" என்று மொனிக் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவள் ஊர் அந்த நகரத்துக்குப் பக்கம்தான். கொடிக்கு அடிக்கிற மருந்துக்கு அந்த நகரத்தின் பெயர் என்பது வாடிப்பட்டியிலும் தெரியும், அவள் வீட்டிலும் தெரியும். அவள் இலையை வாங்கிப் பார்த்து 'ச்சோ' என்றாள். ஒச்சம்மாளும் 'ச்சோ' என்றாள். அதற்குமேல் இருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒச்சம்மாள் மனுவை நீட்டினாள். டூர் முழுக்க ஜனங்கள் காகிதத்தை நீட்டினால் கையெழுத்துக்குத்தான் என்று மொனிக்குக்குப் பழக்கம். மனுவின் தலைப்பில் ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு பூ வரைந்து கொடுத்தாள். அவ்வளவுதான், வரிசை வாசல்வரை போனது. அடிஷனல் டைரக்டரும் ஜாயின்ட் டைரக்டரும் கூடவே கையெழுத்துப் போட்டார்கள். பப்ளிக் ரிலேஷன்ஸ் ஆபீசர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அந்த ஆபீஸ் செய்த மொழிபெயர்ப்பில் பேரும் வேலையும் பொருந்தி வந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

வரிசை குறைந்ததும் ஒச்சம்மாள் ஜெயக்கொடியை இடித்தாள். "ஏத்தா, இம்புட்டு நேரம் எங்களுக்காகப் பேசுறியே, ஒனக்குன்னு கேக்க ஒண்ணுமில்லையா?"

ஜெயக்கொடியின் கைப்பையில் அவள் மனுவின் கார்பன் காப்பி இருந்தது. அதைத் தயங்கித் தயங்கி எடுத்தாள். மற்றவர்களைப் போல அவளால் வெறுமனே நீட்ட முடியவில்லை. பாடப்புத்தகப் பிரெஞ்சில், இது கையெழுத்துக்கு இல்லை, என் வேலைக்கு, நான் டெம்பரவரி, சித்திரை முடிந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

மொனிக் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "நானும் டெம்பரவரிதான். அடுத்த அறுவடைக்கு வேறொருத்தி ராணி. கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் செருப்புக் கடைக்கு வேலைக்குப் போகவேண்டும்."

இத்தனை வருஷத்தில் தன்னைப் போல ஒருத்தி என்று ஜெயக்கொடி யாரையும் நினைத்ததில்லை. நினைக்கக் கிடைத்தவள் கிரீடத்தோடு நிற்கிறாள். மொனிக் அந்தக் காகிதத்தில் மட்டும் நிதானமாக எழுதி, இரண்டு பூ வரைந்தாள்.

மறுநாள் காலை மனுக்களெல்லாம் மூட்டையாகக் கருத்தக்கண்ணன் மேஜைக்கு வந்துவிட்டன. "டைரக்டர் கையெழுத்துப் போட்டாச்சு, மயில்துத்தம் எங்க?" என்று திராட்சைக்காரர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா எழுதியிருக்காங்க எல்லாத்துலயும்?"

ஜெயக்கொடி வாசித்தாள். "'அவெக் தூத் மொன் அமித்தியே'. என் முழு நட்போடுன்னு அர்த்தம் சார்."

"நட்பா?" கருத்தக்கண்ணன் முகம் சுளித்தார். "சர்க்கார்ல நட்புன்னு ஒண்ணு கெடையாதேம்மா. இதை எந்தக் கோப்புல சேக்குறது?"

ஜெயக்கொடி பயந்துகொண்டே கேட்டாள்: "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி, அங்க உள்ள மவுசுக்கு நம்ம ஆபீஸ்ல என்ன வார்த்தைன்னு பாக்கலாமா சார்?"

"அப்படித்தான் பாக்கணும்."

"ஒரு டைரக்டர், மனு மேல, முழு மனசோட எழுதி, கையெழுத்தும் போட்டா, நம்ம ஆபீஸ்ல அதுக்கு என்ன பேரு சார்?"

"ஸ்ட்ராங்லி ரெகமெண்டட்," என்றார் சின்னச்சாமி பட்டென்று. வாழ்நாளில் அவர் கண்டுபிடித்த ஒரே மொழிபெயர்ப்பு அது. அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

கருத்தக்கண்ணனும் பரவசப்பட்டு மனுக்களைப் படபடவென்று அனுப்ப ஆரம்பித்தார். மூட்டையின் அடியில் ஜெயக்கொடியின் மனு வந்தது. இரண்டு பூ. அவர் பேனா நின்றது.

"இதென்னய்யா, இது நம்ம ஆபீஸ் விசயம். இதுல அந்தப் பொண்ணு... அந்த டைரக்டருக்கு என்ன அதிகாரம்?"

"அதிகாரம் இல்லன்னு சொல்லிரலாம் சார்," என்றார் சின்னச்சாமி மெதுவாக. "அப்ப மத்த மனுவுக்கும் இல்லன்னு ஆயிரும். அப்புறம் டைரக்டரே இல்லன்னு ஆகும். டெல்லிக்கு நாம எழுதினதுல உங்க கையெழுத்துத்தான் இருக்கு."

கருத்தக்கண்ணன் நாற்காலித் துண்டு நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சித்திரைக்குள் வாடிப்பட்டி சொசைட்டிக்கு மயில்துத்தம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வைகாசியில் ஜெயக்கொடி நிரந்தரமானாள். பரீட்சை எழுதிய டைப்பிஸ்ட் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டார். மருது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று இலவசமாகக் காற்றடித்துக் கொடுத்தான்.

புரட்டாசியில் ஒருநாள் கருத்தக்கண்ணன் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். மேஜை டிராயருக்குள்ளிருந்து ஒரு மனுவை எடுத்தார். அவருடைய பதவி உயர்வு ரொம்ப நாளாக மெட்ராஸில் தூங்குகிறதாம்.

"அந்த டைரக்டர் அம்மாவுக்குப் பிரெஞ்சுல ஒரு கடுதாசி போட்டு, இதுல ஒரு வரி எழுதி வாங்கித் தாம்மா. பூ ரெண்டு போட்டாலும் சரி, மூணு போட்டாலும் சரி."

"அவங்க பதவி முடிஞ்சிருச்சே சார். போன மாசத்தோட இறங்கிட்டதாக் கடுதாசி போட்டிருந்தாங்க."

"அந்த வயசுல ரிட்டையர்டா!" அவர் நிஜமாகவே கலங்கிப்போனார். "பென்சன் உண்டா?"

"கிடையாது சார். இப்பச் செருப்புக் கடையில இருக்காங்க."

கருத்தக்கண்ணன் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இப்ப அங்க யாரும்மா ராணி?" என்று கேட்டார்.

ஜெயக்கொடி அவருக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "விசாரிச்சு எழுதிரலாம் சார்," என்றாள். "பார்க்கலாம்."